பழைய கேம் பாயைப் பாட வைப்பது: புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பழுது பார்க்கும் வழி

மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போய் வந்தவர்கள் இருக்கும் வீட்டுப் பரணில் தேடினால், ஓடாத டேப் ரெக்கார்டருக்கும் வாக்மேனுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கேம் பாய், அதாவது கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டி, அகப்படலாம். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். அதை இசைக் கருவியாக வைத்து மேடையேறுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்த இசைக்குச் சிப்டியூன் என்று பெயர்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். திருவிழாக் கடையில் வாங்கிய, கட்டங்கள் மேலிருந்து விழுகிற பிரிக் கேம் இதற்கு உதவாது. அதில் கார்ட்ரிட்ஜ், அதாவது ஆட்டத்தை அடக்கிய சிறு வில்லை, செருக இடமே கிடையாது. நமக்கு வேண்டியது நின்டெண்டோவின் கேம் பாய் வரிசை. 1989இல் வந்த முதல் கேம் பாயின் முதுகில் டி.எம்.ஜி-01 என்று அச்சிட்டிருக்கும், அதை டி.எம்.ஜி. என்றே சொல்வோம். அதன் பிறகு 1996இல் பாக்கெட், 1998இல் கலர், 2001இல் அட்வான்ஸ் என்று வந்தன. இவை எல்லாமே பழைய கார்ட்ரிட்ஜை ஏற்கும். 2003இல் வந்த அட்வான்ஸ் எஸ்.பி.யும் ஏற்கும், ஆனால் அதில் ஹெட்போன் துளை இல்லை. டி.எஸ். ஏற்காது. கையில் எது இருக்கிறதோ அதில் தொடங்கலாம். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் டி.எம்.ஜி.யை எடுங்கள். பேஸ் கனமாக வரும், உள்ளே பாகங்கள் பெரிதாக இருப்பதால் புதிய கைக்கும் வசதி.

கார்ட்ரிட்ஜில் ஏற்றிச் செருகும் இசை மென்பொருளில் இரண்டுதான் முக்கியம். 1998 வாக்கில் ஜெர்மனியின் ஆலிவர் விட்சோ நானோலூப்பை எழுதினார். சில ஆண்டுகளில் ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் கொட்லின்ஸ்கி லிட்டில் சவுண்ட் டிஜேயைக் கொண்டுவந்தார். எல்லோரும் சுருக்கமாக எல்.எஸ்.டி.ஜே. என்பார்கள். இரண்டும் ஆட்டுவிப்பது கேம் பாயின் சிப்பில் இருக்கும் நான்கே நான்கு ஒலித் தடங்களைத்தான்: இரண்டு பல்ஸ், ஒரு வேவ், ஒரு நாய்ஸ். நான்கு போதுமா என்று கேட்பவர்கள் ஒரு கோயில் கொடை விழாவின் நையாண்டி மேளத்தை நினைத்துப் பாருங்கள். நாயனத்துக்குப் பல்ஸ், பம்பைக்கு நாய்ஸ், தவிலின் அடித்தொப்பிக்கு வேவ். இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது.

விளையாடுவதற்குச் சரியாக இருக்கும் பெட்டி இசைக்குச் சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஆட்டத்தில் லேசான கரகரப்பை யாரும் கவனிப்பதில்லை. ஒரு நொடி அணைந்தாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஆம்ப்ளிஃபயரில் மாட்டியவுடன் அந்தக் கரகரப்பு ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும். நடுவில் அணைந்தால் பாட்டே போச்சு. அதனால் பழுது பார்க்கும் வரிசையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும்: மின்சாரம், தொடர்பு முனைகள், ஒலி, பொத்தான், கடைசியாகத் திரை. பெரும்பாலான கோளாறு முதல் இரண்டிலேயே அகப்பட்டுவிடும். சிப் போய்விட்டது என்று முடிவு கட்டுவது கடைசியிலும் கடைசி.

தேவையானவை

வெளி உறையில் மூன்று கால் ஸ்க்ரூ இருக்கும். செல்போன் கடையில் ஐபோனுக்கு வைத்திருக்கும் மூன்று கால் முனை இதற்குச் சிறிது. அதை வைத்து முறுக்கினால் ஸ்க்ரூ தலை வழுக்கிப் போகும். பெரிய அளவு முனையை இணையத்தில் தனியாக வாங்குவதே நல்லது. உள்ளே இருப்பவை சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ. அப்புறம் ஒரு மல்டிமீட்டர், காது குடையும் பஞ்சுக் குச்சி, பழைய பல் துலக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே.

ஆல்கஹால் விஷயத்தில் கறாராக இருங்கள். செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டைத் தின்னர் ஊற்றிக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். கேம் பாயின் உறையும் திரைக் கண்ணாடியும் பிளாஸ்டிக். தின்னர் பட்டால் இளகி, வெளுத்துப் போகும். பெட்ரோலும் வேண்டாம். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை வால்யூம் கன்ட்ரோலுக்குள் அடிக்கவே கூடாது.

ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்னை இப்போதைக்கு எடுத்து ஓரமாக வையுங்கள்.

மின்சாரம்

டி.எம்.ஜி.க்கு நான்கு பென்டார்ச் பேட்டரி, அதாவது 6 வோல்ட். பாக்கெட்டுக்கு அதைவிடச் சிறிய அளவில் இரண்டு, கலருக்குப் பென்டார்ச் அளவில் இரண்டு. இரண்டிலும் 3 வோல்ட்தான். பேட்டரி அறையைத் திறந்ததும் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ தெரிகிறதா என்று பாருங்கள். பல வருடம் பேட்டரியோடு கிடந்த பெட்டியில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தூத்துக்குடி, உவரி, திருச்செந்தூர்க் கடலோரத்தில் இருந்த பெட்டி என்றால் உப்புக் காற்றும் தன் பங்குக்கு வேலை பார்த்திருக்கும்.

கசிவு இரண்டு வகை. ஆல்கலைன் பேட்டரி கசிந்திருந்தால் அது காரம். வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தேய்த்தால் லேசாக நுரைத்து விட்டுவிடும். நம் ஊரில் டார்ச் லைட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போடுகிற மலிவான கார்பன் பேட்டரியின் கசிவு அமிலத் தன்மை கொண்டது. அதற்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டுத் துடைக்க வேண்டும். எந்தப் பேட்டரி கிடந்தது என்று தெரியாவிட்டால் துளி வினிகரை ஓரத்தில் வைத்துப் பாருங்கள். நுரைத்தால் வினிகர், சும்மா இருந்தால் சோடா. எதைப் போட்டாலும் பிறகு ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலர விட வேண்டும். உப்புத்தாளால் தேய்ப்பது கடைசி வழி. மேல் பூச்சு போனால் ஸ்பிரிங் இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும்.

அடுத்தது பவர் சுவிட்ச். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் உள் முனைகள் கறுத்திருந்தால் மின்சாரம் பாதியில் தேங்கிவிடும். புதுப் பேட்டரி போட்டும் சிவப்பு விளக்கு மங்கலாக எரிகிறதா, பெட்டியை ஆட்டினால் அணைந்து எழுகிறதா? அப்படியானால் சுவிட்சைச் சந்தேகப்படுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சுவிட்சின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, முப்பது நாற்பது தடவை போட்டு அணையுங்கள். பலன் தெரிய, கீழே சொல்லும்படி உறையைத் திறந்த பிறகு, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, பெட்டி ஓடும்போது சுவிட்சின் இரண்டு முனைகளுக்கு நடுவே அளக்கலாம். கிட்டத்தட்ட சைபர் வர வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அழுக்கு இன்னும் இருக்கிறது.

அடாப்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. டி.எம்.ஜி.யின் அடாப்டர் துளையில் நடு முனை மைனஸ். கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை பிளஸ். மீட்டரில் பார்க்காமல் செருகாதீர்கள். இசைக்கு அடாப்டரே வேண்டாம் என்பது என் கட்சி; கரண்டிலிருந்து வரும் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் அப்படியே ஒலியில் ஏறும். ஒரு முறை சார்ஜ் செய்தால் பல மணி நேரம் ஓடும் நிக்கல் ரீசார்ஜ் பேட்டரி நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். 4.8 வோல்ட்தான் தரும், டி.எம்.ஜி.க்கு அது போதும்.

கார்ட்ரிட்ஜ் இல்லாமல் ஒரு சோதனை

டி.எம்.ஜி.யில் கார்ட்ரிட்ஜ் செருகாமல் சுவிட்சைப் போடுங்கள். திரையின் மேலிருந்து ஒரு கறுப்புப் பட்டை மெதுவாக இறங்கி நடுவில் நிற்கும், கூடவே 'டி-டிங்' என்று ஒலிக்கும். இந்த இரண்டும் நடந்துவிட்டால் சிப், திரை, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். பட்டை வந்து ஒலி வரவில்லை என்றால் கோளாறு ஒலிப் பாதையில். ஒலி வந்து திரை வெறுமையாக இருந்தால் முதலில் பக்கத்தில் இருக்கும் கான்ட்ராஸ்ட் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டும் இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தால் உள்ளே பவர் போர்டைப் பார்க்க வேண்டும்.

கார்ட்ரிட்ஜைச் செருகிய பிறகு நின்டெண்டோ என்ற எழுத்து சிதைந்து வந்து அப்படியே நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். பெட்டி தன்னிடம் இருக்கும் சின்னத்தையும் கார்ட்ரிட்ஜில் இருக்கும் சின்னத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மேலே போகும். ஒரு முனையில் அழுக்கு இருந்தாலும் ஒப்பீடு தவறிவிடும். கார்ட்ரிட்ஜின் தங்க நிற முனைகளை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, ஈரம் காய்வதற்குள் செருகி நாலைந்து முறை இழுத்து விட்டால் பெட்டிக்குள் இருக்கும் முனைகளும் சேர்ந்து சுத்தமாகும். வாயால் ஊதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எச்சில் ஈரமே நாளைக்குக் களிம்பாகும்.

திறப்பது

பேட்டரியைக் கழற்றுங்கள். டி.எம்.ஜி.யின் பின்புறம் மொத்தம் ஆறு ஸ்க்ரூ, அவற்றில் இரண்டு பேட்டரி அறைக்குள். எல்லாம் கழன்றதும் இரண்டு பாதியையும் படாரென்று பிரிக்காதீர்கள். நடுவே ஒரு தட்டையான ரிப்பன் கேபிள் இரண்டு போர்டையும் இணைக்கிறது. புத்தகம் போலத் திறந்து, அந்தக் கேபிளை நேராக இழுத்து எடுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் ஓரம் கிழியும். ஒவ்வொரு கட்டத்திலும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் இந்த வேலையைச் செய்வதானால் வெயில் வந்த பிறகு செய்யுங்கள். ஈரக் காற்றில் திறந்து மூடினால் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடுகிறோம்.

பின் பாதியில் சிப், வால்யூம், பவர் போர்டு. முன் பாதியில் திரை, பொத்தான், ஸ்பீக்கர். கரப்பான் முட்டையும் இருந்தால் துலக்கியால் தள்ளிவிடுங்கள்.

ஒலி

கோளாறு எங்கே என்று பிரிக்க மூன்று கேள்வி போதும். ஸ்பீக்கரில் வருகிறதா? ஹெட்போனில் வருகிறதா? ஹெட்போனில் இரண்டு காதிலும் வருகிறதா?

ஹெட்போனில் வந்து ஸ்பீக்கரில் வரவில்லை என்றால் ஸ்பீக்கரைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். ஹெட்போன் துளைக்குள் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. ஹெட்போன் பின்னை (பிளக்கை) செருகியதும் அது ஸ்பீக்கரைத் துண்டிக்கும். அது கறுத்துப்போனால் பின் செருகாத போதும் துண்டித்தே இருக்கும். கிளீனர் அடித்துப் பின்னைப் பலமுறை செருகி எடுத்துச் சுழற்றினால் பெரும்பாலும் சரியாகும். ஆகவில்லை என்றால் ஸ்பீக்கர் முனைகளில் மீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 8 ஓமுக்கு அருகில் காட்டினால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் செத்துவிட்டது, அதே அளவில் 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி மாற்றலாம்.

ஒரு காதில் மட்டும் வந்தால் முதலில் பாட்டைப் பாருங்கள்; அந்தத் தடத்தை நீங்களே இடது பக்கம் ஒதுக்கி வைத்திருக்கலாம். பாட்டில் குறை இல்லை என்றால் ஹெட்போன் துளையின் ஈயப் பற்று விட்டிருக்கும். டி.எம்.ஜி.யில் அது தனிச் சிறு போர்டில் இருக்கிறது. ஒயரை இழுத்து இழுத்து அங்கே ஈயத்தைச் சுற்றி நூல் மாதிரி விரிசல் விழும். பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும். மேடையில் வாசிப்பவர்கள் பெட்டியில் இதுதான் அடிக்கடி வரும் நோய். வளைந்த பிளக் உள்ள ஒயரைப் பயன்படுத்தினால் இழுவை குறையும்.

நான்கு தடத்தில் ஒன்று மட்டும் அடியோடு காணவில்லை என்றால்? நான்கும் சிப்புக்குள்ளேயே பிறந்து, கலந்து, இடது வலது என்று இரண்டாக வெளியே வருபவை. ஆகையால் வெளியே இருக்கும் ஈயமோ கண்டன்சரோ (மின்தேக்கி) ஒரு தடத்தை மட்டும் விழுங்க முடியாது. மென்பொருளில் அந்தத் தடம் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேறு கார்ட்ரிட்ஜிலும் அதே தடம் இல்லை என்றால் மட்டுமே சிப்பைச் சந்தேகிக்கலாம். அது மிக அபூர்வம்.

வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்றால் அது வால்யூம் கன்ட்ரோலின் கார்பன் தடத்தில் தூசி. சக்கரத்தின் இடுக்கில் கிளீனர் விட்டு, கடைசியிலிருந்து கடைசிவரை திருப்பிக்கொண்டே இருங்கள். உலரும்வரை பேட்டரி போடாதீர்கள்.

இதெல்லாம் முடிந்தும் பின்னணியில் 'கீ' என்று மெல்லிய ஒலி கேட்டால் அது பவர் போர்டின் வேலை. 6 வோல்ட்டை 5 ஆக்குவதும், திரைக்கு வேண்டிய மைனஸ் வோல்ட்டை உண்டாக்குவதும் அந்தச் சிறு போர்டுதான். முப்பது வருடத்துக்கு மேல் ஆன கண்டன்சர்கள் வறண்டுபோனால் அந்த ஒலி பாட்டுக்குள் கசியும், பேஸும் மெலியும். இங்கேதான் சால்டரிங் அயர்ன் தேவைப்படுகிறது. பழையதில் அச்சிட்ட மைக்ரோஃபேரட் அளவே புதியதிலும் இருக்க வேண்டும். வோல்ட் அளவு அதே அல்லது அதற்கு மேல். பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்காமல் ஒன்றை எடுத்து ஒன்றைப் போடுங்கள்.

ஈயம் வைத்துப் பழக்கமில்லாதவர்கள் உள்ளூர் மைக் செட் கடைக்குப் போங்கள். கேம் கடைக்காரர்களைவிட, கொடைக்கும் கல்யாணத்துக்கும் குழாய் கட்டும் ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்க்கிறவர்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். "ஏம் தம்பி, வெளையாட்டுச் சாமானையா தூக்கிட்டு வந்திருக்கிய?" என்ற கேள்விக்குத் தயாராகப் போங்கள். "பாட்டு வாசிக்கிற பொட்டி அண்ணாச்சி, கண்டன்சர் மட்டும் மாத்தணும்" என்றால் முடிந்தது. மாற்ற வேண்டிய கண்டன்சரையும் உங்கள் படங்களையும் கையோடு கொண்டுபோனால் அவருக்கும் வேலை சுளுவு.

ப்ரோ சவுண்ட் என்று ஒரு மாற்றத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெட்டியின் உள் ஆம்ப்ளிஃபயரைத் தொடாமல், வால்யூம் கன்ட்ரோலுக்கு வந்து சேரும் இடத்திலேயே ஒலியை ஒயர் வைத்து வெளியே எடுப்பது. இரைச்சல் குறையும், பேஸ் நிறையும். அதற்குப் பிறகு பெட்டியின் வால்யூம் சக்கரம் அந்த ஒலியைக் கட்டுப்படுத்தாது. மிக்ஸரில்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். நல்ல மாற்றம்தான், ஆனால் முதல் பெட்டியில் வேண்டாம். அழுக்கைத் துடைத்தாலே போயிருக்கும் இரைச்சலுக்காக உறையில் துளை போட்டவர்கள் நிறையப் பேர்.

பொத்தானும் திரையும்

எல்.எஸ்.டி.ஜே.யில் செலெக்ட்டை அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் பக்கம் மாறும், ஏ-யை அழுத்திக்கொண்டு தட்டினால் எண் மாறும். ஆக, இரண்டு பொத்தான் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டாலும் வேறு எதையோ மாற்றிவிடும். ரப்பர் பொத்தானுக்கு அடியில் இருக்கும் கறுப்பு வட்டத்தையும், போர்டில் அது தொடும் இடத்தையும் ஆல்கஹால் தொட்டு மென்மையாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் கறுப்பே உதிர்ந்துவிடும்.

டி.எம்.ஜி. திரையில் மேலிருந்து கீழாகச் சில கோடுகள் காணாமல் போவது பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. திரையின் அடியில் ஒட்டியிருக்கும் கேபிள் பிடி விட்டிருக்கும். அந்த ஒட்டின் மேல் சூடான அயர்னை லேசாக நகர்த்தினால் கோடுகள் திரும்பி வரும். வீட்டில் இருக்கும் 25 வாட் அயர்னுக்கு வெப்ப அளவு கிடையாது, இந்த வேலைக்கு அது அதிகச் சூடு. வெப்பம் குறைக்கக்கூடிய ஸ்டேஷனில், இருப்பதிலேயே குறைந்த அளவில் தொடங்கி, பெட்டியை ஓடவிட்டபடியே பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். குறுக்காகக் கோடு போயிருந்தால் அது பக்கவாட்டு இணைப்பு, அதைத் தொடாதீர்கள். இரண்டு கோடு இல்லாவிட்டாலும் பாட்டு பாடும்.

கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு பேட்டரி

எல்.எஸ்.டி.ஜே. போடும் கார்ட்ரிட்ஜ்கள் பலவற்றில் பாட்டைக் காப்பது ஒரு வட்டப் பேட்டரி, சி.ஆர்.2032 அல்லது அதன் தம்பிகள். அது தீர்ந்தால் பாட்டெல்லாம் அழியும். நானோலூப் கார்ட்ரிட்ஜில் இந்தக் கவலை இல்லை. பேட்டரியை மாற்றும் முன்பே, கார்ட்ரிட்ஜைப் படிக்கும் யு.எஸ்.பி. கருவி மூலம் சேமிப்புக் கோப்பைக் கணினிக்கு எடுத்துவிடுங்கள். கழற்றிய நொடியில் எல்லாம் போய்விடும். புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 2.7க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஈயம் வைக்கத் தகட்டுக் கால் பொருத்திய பேட்டரியாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் பேட்டரியின் மேல் நேராக ஈயம் வைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும்.

மைக் செட்டில் மாட்டும்போது

கடைசியில் பெட்டியை ஆம்ப்ளிஃபயரில் மாட்டும் இடத்திலும் தகராறு வரும். மைக் செட்டில் இருப்பது பெரும்பாலும் மோனோ பின். அதை கன்வெர்ட்டர் வைத்து நேராக ஹெட்போன் துளையில் செருகினால் வலது பக்க ஒலி கிரவுண்டோடு ஷார்ட் ஆகிவிடும். ஒரு முனையில் சிறிய ஸ்டீரியோ பின், மறு முனையில் சிவப்பு வெள்ளை என இரண்டு ஆர்.சி.ஏ. பின் உள்ள ஒயரைக் கையோடு வைத்திருங்கள். மைக் என்று எழுதிய துளையில் வேண்டாம், ஆக்ஸ் அல்லது லைனில் கொடுக்கச் சொல்லுங்கள். மைக் துளைக்கு இந்த ஒலி மிக அதிகம், பிளிறும்.

இரண்டு பெட்டியை இணைத்து வாசிப்பதானால் லிங்க் கேபிளின் அளவையும் பாருங்கள். டி.எம்.ஜி.யின் துளை பெரியது, பாக்கெட்டும் கலரும் சிறியது. நடுவே அளவு மாற்றும் இணைப்பி ஒன்று வேண்டும். தாளம் நழுவினால் மென்பொருளைக் குடைவதற்கு முன் அந்தத் துளையையும் பஞ்சால் ஒரு துடை துடைத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு போட்டு வையுங்கள். செருப்பு டப்பாவில் வருகிறதே, அதே பொட்டலம் போதும்.